காய் பிடித்த சங்குப்பூக் கொடி

கிள்ளான் நகரில் ரமணியின் வீட்டுக்கும் ஜரீனாவின் வீட்டுக்கும் நடுவே ஒரு கம்பி வேலி. அதில் படர்ந்த சங்குப்பூக் கொடியை யாரும் நடவில்லை. எங்கிருந்தோ விதை விழுந்து, தானே முளைத்து, வருஷக்கணக்காக ஏறிக்கொண்டிருந்தது. நல்ல வெயில் இருந்தால் போதும், வேறொன்றும் கேட்காது. காலையில் விரிந்த பூ மாலைக்குள் சுருண்டுவிடும் என்பதால் விடிந்ததும் இருவரும் பறிப்பார்கள். சங்கு வைத்திருக்கும் பெருமாளுக்குச் சங்குப்பூதான் உகந்தது என்பாள் ரமணி. ஜரீனாவோ பூவின் நீலச் சாற்றில் சோறு வடித்து, மீனும் வைத்து, நாசி கெராபு என்று பாசார் சந்தையில் விற்பாள்.

ஒருநாள், கோவிலுக்கு நேரமாகிவிட்ட எரிச்சலில் ரமணி வாயை விட்டாள்.

"சாமிக்குப் போடற பூவக் கொண்டுபோயி மீன் சோத்துல போடறியே, ஜரீனா!"

ஜரீனா கையிலிருந்த பூவை வேலித் தூண்மேல் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அடடா, அந்த வாய்க்கு ஒரு பூட்டுப் போட்டிருக்கக் கூடாதா! பிள்ளைகள் சிங்கப்பூரில், காலையில் பேச அவளுக்கு இருந்த ஒரே ஆள் ஜரீனாதான். அன்றைக்கு ரமணிக்குச் சோறே இறங்கவில்லை. மன்னிப்புக் கேட்கவும் நாக்கு எழவில்லை. இனி பூவெல்லாம் ஜரீனாவுக்கே என்று முடிவு செய்தாள். நிம்மதியாகப் பறிக்கட்டும் என்று காலையில் பின்கதவையும் சாத்திவைத்தாள். பெருமாள் துளசியோடு இருந்துகொண்டார்.

ஆனால் பூ குறைந்துகொண்டே வந்தது. கொடி முழுக்கத் தட்டைத் தட்டையாய்க் காய். உரம் போட்டுப் பார்த்தாள். இலைதான் மதமதவென்று வந்தது. கொடிக்கும் தன்மேல் கோபம் போல என்று கலங்கிப்போனாள்.

செடி விற்கும் சிவநேசனிடம் போய்ச் சொன்னாள். அவர் சிரித்தார்.

"அவரைக்கா ஜாதி அது, உரமே வேணாம்லா. பூவப் பறிச்சுக்கிட்டே இருந்தாத்தான் மறுபடி பூக்கும். விட்டா காய் வச்சுட்டு உக்காந்துக்கும். யாருமே பறிக்கலியா, அக்கா?"

"நான் பறிக்கல. பக்கத்து வீட்டுல..." என்று தொடங்கிய ரமணி பாதியிலேயே திரும்பி நடந்தாள்.

அங்கிருந்து நேரே வேலிக்குத்தான் வந்தாள்.

"ஏய் ஜரீனா! நீ ஏன் பூப் பறிக்கல?"

ஜரீனா கரண்டியும் கையுமாய் வந்தாள். "உங்க சாமிக்கு வேணுமேன்னு விட்டேன்க்கா."

"பாவி! நான் உன் சோத்துக்குன்னுல்ல விட்டேன்!" ரமணிக்குக் கண் நிறைந்துவிட்டது. "நான் பேசுனது தப்புடி. ரொம்பத் தப்பு. அப்ப யாவாரத்துக்கு என்ன செஞ்ச?"

"இத்தன நாளும் வெள்ளச் சோறுதான்க்கா வித்தேன்."