பத்தாவது ‘பி’யின் முதல் திருத்தம்

நர்மதாவுக்கு அரசியலமைப்புச் சட்டம் தூக்கத்தில்தான் அறிமுகமானது. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் குடிமையியல் வகுப்பு. பள்ளிக்கூடம் திருவொற்றியூரில், கடலுக்கு இரண்டு தெரு தள்ளி. ஜன்னல் வழியாக உப்புக்காற்று வரும், துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரிகளின் உறுமல் வரும், கூடவே சுஜா மிஸ்ஸின் குரலும் வரும். மூன்றும் சேர்ந்தால் எந்தப் பிள்ளைக்கும் கண் சொருகும். நர்மதாவுக்குக் கேட்கவே வேண்டாம்.

அவளுடைய கனவில் அரசியல் நிர்ணய சபை கடற்கரையில், அலையைத் தடுக்கக் கொட்டிய பாறைகளின் மேல் கூடியது. கோட்டுப் போட்டவர்கள், வேட்டி கட்டியவர்கள், புடவை உடுத்தியவர்கள், எல்லோரும் ஆளுக்கொரு பாறையில் உட்கார்ந்து, அலை ஏறி வந்தால் காலைத் தூக்கிக்கொண்டு வாதாடினார்கள். ‘இந்திய மக்களாகிய நாம்’ என்று ஒருவர் ஆரம்பித்ததும் கடல் கொஞ்சம் பின்வாங்கி நின்று கேட்டது. இந்த அழகான சபையைத் தினமும் கலைத்தது சுஜா மிஸ்ஸின் சாக்பீஸ்தான். குறி தப்பாமல் தலையில் வந்து விழும்.

நர்மதா சோம்பேறி இல்லை. எர்ணாவூரில் மறுகுடியமர்த்தின குடியிருப்பில், மூன்றாவது மாடியில், ஒரே அறை வீடு. ராத்திரியானால் கம்பெனிகள் இருக்கும் பக்கத்திலிருந்து ஒரு நாற்றம் கிளம்பி வரும், அழுகின முட்டையை டீசலில் போட்டதுபோல. அது வந்தால் குட்டித் தம்பிக்கு மூச்சு இழுக்கும். படுக்க வைத்தால் திணறுவான். தோளில் நிமிர்த்திப் பிடித்தால் கொஞ்சம் அடங்கும். அப்பா டேங்கர் லாரியோடு ஊர் ஊராகப் போகிறவர். அதனால் அம்மா வரலட்சுமியும் நர்மதாவும்தான் மாற்றி மாற்றிப் பிடிப்பார்கள்.

இதைப் பற்றிப் பள்ளியில் அவள் மூச்சு விட்டதில்லை. சீக்காளித் தம்பியைக் காட்டிப் பரிதாபம் வாங்குவது அவளுக்குப் பிடிக்காது. தூங்குமூஞ்சி என்ற பட்டமே தேவலை. ஆனால் அந்தப் பட்டத்துக்காக அம்மாவை இரண்டு முறை பள்ளிக்கு வரவழைத்துவிட்டார்கள். இறால் உரிக்கும் கம்பெனியில் அரை நாள் போனால் அரை நாள் கூலி போச்சு. இரண்டாம் முறை வீடு திரும்பும்போது அம்மா சொன்னாள்.

“இன்னொரு தபா கூப்ட்டாங்கன்னா, புஸ்தகத்த மூட்ட கட்டிட்டு எங்கூட இறால் உரிக்க வந்துடு. அங்க தூக்கம் வராது. கை எரியும்.”

அம்மா சொன்னால் செய்கிறவள். பத்தாவது பரீட்சை எழுதாமலே படிப்பு முடிந்துவிடும் என்று நர்மதா பயந்தாள். பயந்தால் மட்டும் தூக்கம் போய்விடுமா என்ன?

நவம்பர் பிறந்ததும் சுஜா மிஸ்ஸுக்கு ஒரு யோசனை வந்தது. “மனப்பாடம் பண்ணி என்ன ஆகப் போகுது? நீங்களே இந்த வகுப்புக்கு ஒரு அரசியலமைப்பு எழுதுங்க. அதுக்கு நானும் கட்டுப்படறேன்” என்றார். வகுப்பு துள்ளியது. வாயாடி சாவியோ தலைவரானான். ஃபேனுக்குக் கீழே யார் உட்காருவது, தண்ணீர்க் குடத்தை யார் நிரப்புவது என்று ஒரு வாரம் வெட்டுக்குத்து இல்லாத குறைதான். கடைசி நாள் மிஸ் கேட்டார், “எனக்காகவும் ஒண்ணு போடுங்களேன். வகுப்பில் தூங்குகிறவர் தலைமையாசிரியரிடம் அனுப்பப்படுவார். பெற்றோர் அழைக்கப்படுவர்.”

மிஸ்ஸின் மனதைக் குளிரவைக்க எல்லாக் கைகளும் மேலே போயின. சுவரோரம் தூங்கிக்கொண்டிருந்த நர்மதா சலசலப்பில் விழித்தாள். எல்லோரும் கையைத் தூக்கியிருந்தார்கள். மைதானத்துக்குப் போகிறவர்களைக் கேட்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்து அவளும் தூக்கினாள். “ஒருமனதா நிறைவேறிச்சு” என்றான் சாவியோ. எல்லோரும் கை தட்டினார்கள். அவளும் தட்டினாள், பாவம்.

மறுநாள் சாக்பீஸ் வரவில்லை. சாவியோ வந்து தோளைத் தட்டினான்.

“நர்மதா, எச்.எம். மிஸ்ஸாண்ட போ.”

“இன்னாத்துக்கு?”

“தூங்கினல்ல. சட்டம் கீது. நீயும்தான கை தூக்கின.”

சட்டத்தை எழுதிச் சுவரில் ஒட்டியிருந்த சார்ட்டைப் பார்த்தாள். கீழே எல்லோர் கையெழுத்துக்கும் நடுவில், தூக்கக் கலக்கத்தில் அவள் போட்டதும் கோணலாக இருந்தது. சுஜா மிஸ் கொடுமைக்காரி இல்லை. அவருக்கும் முகம் சுண்டித்தான் போயிருந்தது. “முதல் நாளே நான் மீறினா, நாளைக்கு யார் மதிப்பீங்க?” என்றார்.

நர்மதா எழுந்து நடந்தாள். கதவுவரை போனவளுக்குக் கனவில் கேட்ட பேச்சு ஒன்று நினைவுக்கு வந்தது. ஈரப் பாறையில் உட்கார்ந்திருந்த யாரோ சொன்னது, எழுதியவர்களே மாற்றவும் வழி வைத்துத்தான் எழுதினார்கள் என்று. மிஸ் நடத்திய பாடம்தான் தூக்கத்துக்குள் அப்படிப் போய் உட்கார்ந்திருந்தது.

“மிஸ், திருத்தம் கொண்டாரலாம்ல?”

சுஜா மிஸ் வியந்துபோனார். “கொண்டு வரலாம். ஆனா காரணம் சொல்லணும்.”

இத்தனை நாள் கட்டிக்காத்த மானம் ஒரு பக்கம், படிப்பு ஒரு பக்கம். நர்மதா யார் முகத்தையும் பார்க்காமல் சார்ட்டிடம் சொன்னாள்.

“எங்க வூட்டாண்ட ராத்திரில ஒரு நாத்தம் வரும். தம்பிக்கு மூச்சு இழுக்கும். படுக்க வெச்சா செத்துடுவானோன்னு பயமா கீது. தோள்ல போட்டுகினு நின்னுகினே இருப்பேன். பகல்ல தூக்கம் அதுவா வருது மிஸ்.”

யாரும் சிரிக்கவில்லை. மணலியிலிருந்து வரும் ரஷீது எழுந்து, “எங்க வூட்லயும் வரும் மிஸ். ஜன்னல்ல ஈரத்துணி கட்டுவோம்” என்றான். ஜூடி தனக்குத் தலைவலி என்று தினமும் சொன்னது இதனால்தான் என்றாள். ஒவ்வொருவராக எழுந்தார்கள். அவரவர் வீட்டு ரகசியம் என்று ஒளித்துவைத்திருந்தது ஊருக்கே பொதுவாக இருந்தது. கொட்டாவியை விழுங்கிக்கொண்டே வருடக்கணக்காகப் பாடம் நடத்தும் சுஜா மிஸ்ஸும், “எனக்கும்தான்” என்று சாக்பீஸைக் கீழே வைத்தார்.

முதல் திருத்தம் அன்றைக்கே நிறைவேறிச் சார்ட்டில் ஏறியது. நாற்றத்தால் இரவு தூங்க முடியாதவர் வகுப்பில் தூங்கலாம். ஒருவர் தூங்கும்போது மற்றவர்கள் தாழ்ந்த குரலில் பேச வேண்டும். விட்ட பாடத்தைப் பக்கத்தில் இருப்பவர் சொல்லித்தர வேண்டும். இந்த முறை நர்மதா நன்றாக விழித்துக்கொண்டு கையைத் தூக்கினாள்.

அதன்பிறகு பத்தாவது ‘பி’யே ஒரு மாதிரி ஆகிவிட்டது. சாவியோகூட ரகசியம் பேசுகிறவன்போலப் பேசினான். இத்தனை வருஷம் பக்கத்திலேயே இருந்த கடல் அப்போதுதான் வகுப்புக்குள் கேட்டது. நர்மதா ஒரு கண்ணை மூடி, ஒரு காதைத் திறந்து வைத்துக்கொண்டு கிடந்தாள். தலைமையாசிரியை ஜெரினாவுக்கு மட்டும் இந்தத் திருத்தம் தெரியாது. ராயபுரத்திலிருந்து வந்து போகிறவர். அவரைப் பொறுத்தவரை பள்ளிக்கூடத்துக்கு அவர் வாய்ச்சொல்தான் அரசியலமைப்பு. அவர் கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று நினைக்கும்போதெல்லாம் நர்மதா திறந்திருந்த கண்ணால் வாசலைப் பார்த்துக்கொண்டாள்.

அரசியலமைப்பு நாள் வந்தது. எல்லா வகுப்பும் முகப்புரை வாசிக்க வேண்டும். முந்தின ராத்திரி நாற்றம் என்றுமில்லாத அளவுக்கு அடித்து, திருவொற்றியூரையும் தூங்கவிடவில்லை. நர்மதா மட்டும் அன்றைக்கு அதிர்ஷ்டசாலி. தம்பியைத் தூக்கிக்கொண்டு, நாற்றம் எட்டாத ராயபுரத்துச் சித்தி வீட்டுக்குப் போய்விட்டதால் விடியும்வரை தூங்கியிருந்தாள்.

வகுப்பில் ஒவ்வொரு தலையாகச் சாய்ந்தது. ரஷீது சாய்ந்தான், ஜூடி சாய்ந்தாள், முகப்புரைத் தாளைப் பிடித்தபடியே சாவியோ சாய்ந்தான். சுஜா மிஸ் நாற்காலியிலேயே கண்ணயர்ந்தார். சார்ட்டில் அவர் கையெழுத்தும் இருந்ததே. முப்பது சொச்சம் பேரின் மூச்சு ஒன்றாக ஏறி இறங்கியது, வெளியே கடல் ஏறி இறங்குவதுபோல. எது எதன் சத்தம் என்று நர்மதாவுக்கே குழம்பியது. கனவில் வரும் பாறைகளில் இவர்கள்தான் படுத்திருக்கிறார்களோ என்றுகூடத் தோன்றியது.

அப்போது வராந்தாவில் செருப்புச் சத்தம். ‘பி’யிலிருந்து மட்டும் சத்தமே வரவில்லை என்று ஜெரினா மிஸ் கிளம்பி வந்துவிட்டார். நர்மதா ஓடிப்போய் வாசலில் நின்றாள். அவர் வாயைத் திறப்பதற்குள் இவள் உதட்டில் விரல் வைத்தாள். அந்தப் பள்ளியில் எவரும் செய்யாத காரியம்.

“சத்தம் போடாதீங்க மிஸ். சட்டம் கீது.”

ஜெரினா மிஸ் சார்ட்டை முழுக்க வாசித்தார். பிறகு தூங்குகிற முகங்களையும், சுஜா மிஸ்ஸின் முகத்தையும் பார்த்தார். குரல் தானாக இறங்கியது. “முகப்புரை?”

“நான் சொல்றேன் மிஸ். எல்லாருக்கும் சேத்து.”

அவள் அதை ஒரு நாளும் படித்ததில்லை. தூக்கத்திலேயே கேட்டுக் கேட்டு உள்ளே இறங்கியிருந்தது. தனியாக நின்றுகொண்டு ‘நாம்’ என்று சொல்ல முதலில் கூச்சமாக இருந்தது. சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். எல்லோரும் இருந்தார்கள். பாதியிலிருந்து ஜெரினா மிஸ்ஸின் உதடும் சேர்ந்து அசைந்தது. ‘நமக்கு நாமே வழங்கிக்கொள்கிறோம்’ என்று முடித்தபோது யாரோ தூக்கத்தில் உம் கொட்டினார்கள்.

ஜெரினா மிஸ் இன்னொரு தடவை வகுப்பைப் பார்த்தார். பிறகு, “உங்க அம்மாவ வரச் சொல்லு” என்றார்.

நர்மதா அவசரமாகச் சொன்னாள். “மிஸ், இன்னிக்கு நான் தூங்கல மிஸ். நான் மட்டும்தான் முழிச்சுகினு கீறேன்.”

“தெரியுது. அம்மா மட்டும் இல்ல, இங்க தூங்கறவங்க எல்லார் வீட்டிலிருந்தும் வரணும். இந்த நாத்தத்துக்கு ஒரு மனு எழுதி நாமளே கொண்டுபோய்க் குடுப்போம். ஞாயித்துக்கிழமை வரட்டும், யாருக்கும் கூலி போக வேண்டாம்.”

அத்தனையும் தாழ்ந்த குரலில்தான் சொன்னார், திருத்தத்தில் இருந்தபடி. போகும்போது செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்.