ஆஸ்பத்திரிக்குப் பூசிய எண்ணெய்

இலைதியா கிட்டே வந்தாலே அவன் மனைவி சேனிமிலிக்குக் குமட்டியது. புற்றுநோய் மருந்து மூன்றாம் முறை ஏற்றிய பிறகு வந்த வினை இது. ஃபிஜியின் சுவா நகரில் பஸ் ஓட்டும் அந்த ஆறடி ஆள், கட்டியவளுக்கே ஆகாதவனாகிவிட்டேனே என்று வராந்தாவில் பாய் விரித்துப் படுத்தான்.

அவன் சும்மா இருக்கவில்லை. நோயாளி முன்னால் பளிச்சென்று நிற்க வேண்டும் என்று, சர்ச்சுக்குப் போகும்போது பூசுகிற, மகோசோய் என்ற வாசனைப் பூ போட்ட தேங்காயெண்ணெயை முதல் மருந்து நாளிலிருந்தே தினமும் தலையில் தேய்த்து வந்தான். அவள் முகம் சுளிக்கச் சுளிக்க இன்னும் கொஞ்சம் தேய்த்தான். மண்டு!

கடைசியில் நர்ஸ் வசிதியிடம் போய் நின்றான்.

"அவளுக்கு என்னைப் பிடிக்கல, சிஸ்டர். லம்பாசாவுல இருக்கற அவ தங்கச்சிய வரச் சொல்லிடறேன். நான் ஒதுங்கிக்கறேன்."

வசிதி மூக்கைத் தேய்த்துக்கொண்டாள். "மருந்து ஏத்தறப்ப எல்லாம் இந்த எண்ணெயோடதான் பக்கத்துல உக்காந்தீங்களா?"

"ஆமா."

"அதான்! வயித்தப் புரட்டினது மருந்து, பழி விழுந்தது எண்ணெய் மேல. ரெண்டும் சேந்தே வந்தா உடம்பு முடிச்சுப் போட்டுக்கும்ணே. உங்க மேல அவங்களுக்கு என்ன வெறுப்பு? போய்க் குளிங்க. அடுத்த தடவை மருந்துக்கு முன்னால, அவங்க இதுவரைக்கும் தின்னாத மிட்டாய் ஒண்ணு குடுங்க. பழி அது மேல விழட்டும்."

வீட்டுக்கு ஓடினான். துணி சோப்பால் தலையைப் பிறாண்டிப் பிறாண்டிக் கழுவினான். வேலைக்குப் போட்ட சட்டையோடு வாசற்படியில் நின்றான்.

"கிட்ட வா," என்றாள் சேனிமிலி. வந்தான். அவள் மெல்ல மூச்சை இழுத்தாள். ஒன்றும் ஆகவில்லை. மறுபடி இழுத்தாள்.

"டீசல் நாறுது."

"போயிடவா?"

"போனா காலை ஒடிச்சிடுவேன். உக்காரு."

அவன் தோளில் சாய்ந்தாள். அப்பாடா என்று இருந்தது அவனுக்கு. பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி அழுதான்.

அடுத்த முறை மருந்து ஏற்றும் முன் ஒரு சோம்பு மிட்டாய் கொடுத்தான். சில நாள் கழித்து, சந்தேகம் தீர, அதே மிட்டாயை அவள் முன்னால் உரித்தான்.

"உவ்வே! தூரப் போடு!" என்று அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ரக்பியில் ஃபிஜி ஜெயித்தாற்போல இலைதியா துள்ளிக் குதித்தான்.

"என்னடா, எனக்குக் குமட்டுது, நீ ஆடற?"

"மிட்டாயாலதானே குமட்டுது?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மிட்டாயாலதான். அதை வீசிட்டு நீ வா."