வழுக்கி விழுந்தவர்கள்

திருச்சியில் வழுக்காத குளியலறையே கிடையாது என்று கோதாவுக்குத் தோன்ற ஆரம்பித்திருந்தது. தில்லைநகரில் ஓர் எலும்பு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் வேலைக்கு வந்ததிலிருந்து பார்க்கிறாள். அடிபட்டு வந்த பெண்களில் பலர் வழுக்கித்தான் விழுந்திருந்தார்கள். மற்றவர்கள் கதவில் இடித்துக்கொண்டவர்கள். கூட வரும் கணவன்மார்கள் மட்டும் ஏனோ வழுக்குவதே இல்லை. அவர்கள் குளிக்கிறார்களா என்பதே சந்தேகம்தான்.

இதையெல்லாம் அவள் மனசுக்குள் சொல்லிக்கொள்வதோடு சரி. வாய் திறந்து பேசக் கூச்சம்.

மே மாதத்தில் ஒரு காலை ஸ்ரீரங்கத்திலிருந்து மாலினி வந்தாள். இடது முன்கை வீங்கியிருந்தது. எப்படி ஆச்சு என்று கோதா கேட்டது அவளை. பதில் சொன்னது கணவர் ரெங்கராஜ். காவிரியில் அம்மா மண்டபத்துப் படித்துறைக்குக் குளிக்கப் போன இடத்தில் பாசி வழுக்கிவிட்டதாம். பார்த்து இறங்கு என்று படித்துப் படித்துச் சொன்னாராம். எங்கே வலிக்கிறது என்பதையும் அவரே சொன்னார். எக்ஸ்ரே அறைக்குள்ளும் வரப் பார்த்தார். கதிர்வீச்சு என்று கோதா முனகியதும் சட்டென்று பின்வாங்கினார்.

கதவைச் சாத்தி, வாசல் சிவப்பு விளக்கைப் போட்டு, படம் எடுத்தாள். விழுகிறவர்கள் கையை ஊன்றுவார்கள். பெரும்பாலும் மணிக்கட்டில் உடையும். இது முன்கையின் நடுவில் உடைந்திருந்தது. அடியைத் தடுக்கக் கையைத் தூக்கினால் அங்கேதான் உடையும்.

திரையைப் பார்த்தபடியே மெல்லக் கேட்டாள்.

"ஆத்துல இப்பத் தண்ணியே இல்லியேக்கா. வெறும் மணல். பாசி மட்டும் எங்கேருந்து வந்துச்சு?"

மாலினி விழித்தாள். பிறகு சிரித்துவிட்டாள்.

"பாத்ரூம்னே சொல்லுங்கன்னு வர்ற வழியில சொன்னேன். அது போன தடவை சொன்னதாம்."

சிரித்த வாய் அப்படியே கோணியது. அவள் அழுது முடிக்கும்வரை கோதா, சுத்தமாக இருந்த மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இன்று திரும்பிப் போனால் ஆஸ்பத்திரிக்கு அலையவைத்ததற்கும் சேர்த்து அடி கிடைக்கும் என்றாள் மாலினி. அக்கா வேதவதி திருவானைக்காவலில்தான் இருக்கிறாள். ஆனால் மாலினியின் போன் ரெங்கராஜின் பையில்.

கோதா தன் போனை நீட்டினாள். டாக்டரிடம் நடந்ததைச் சொன்னால் அப்படியே எழுதித் தருவார், பின்னால் உதவும் என்றாள். படம் எடுத்து முடிந்தும் வாசல் விளக்கை அணைக்கவில்லை. ரெங்கராஜ் கதவைத் தட்டி, ஒரு கைக்கு எத்தனை படம் என்று கேட்டார். பாசி ரொம்ப ஆழமாப் போயிருக்கு சார் என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டு, அசையாம இருக்கணும் சார் என்று மட்டும் சொன்னாள்.

ஸ்கூட்டியில் வேதவதி வந்து சேர்ந்த பிறகுதான் கதவு திறந்தது. டாக்டர் முன்னால் ரெங்கராஜ் மறுபடி படித்துறையில் இறங்கத் தொடங்கினார்.

"நான் விழலை டாக்டர்," என்றாள் மாலினி. "இவர் அடிச்சார்."

டாக்டர் அவரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, அவள் சொன்னதை அப்படியே எழுதினார். மாவுக்கட்டோடு மாலினி வாசலுக்கு வந்தாள். மாத்துத்துணிக்கு வீட்டுப் பக்கம் போகலாமா என்று வேதவதி கேட்டாள்.

மாலினி அக்காவின் பருத்த தோளைப் பிடித்துப் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

"உன் சுடிதார்ல என்னை மாதிரி ரெண்டு பேர் நுழையலாம். பரவால்ல, போட்டுக்கறேன். வண்டியை எடு."