பெயிண்ட் டப்பா மூடியில் விழுந்த பகடை

ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததிலிருந்து அடுப்படியை விட்டு நகரவில்லை நான். மட்டன் குழம்பில் உப்புப் போட்டேனா இல்லையா என்று திரும்பத் திரும்ப ருசி பார்த்தேன். நாக்குக்கு ஒன்றும் தெரியவில்லை. லோகுவும் குணாளனும் லூடோ ஆட வருகிறார்கள். ஆள் வருவதற்கெல்லாம் பயப்படுகிறவள் இல்லை நான். என் பயமெல்லாம் பென்னியைப் பற்றித்தான்.

பென்னி என் வீட்டுக்காரர். கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு ஆலையில், காந்தத்தால் பழைய இரும்பை அள்ளும் கிரேனை ஓட்டினார். சர்க்கரை வியாதி இரண்டு கண்ணையும் வாங்கிக்கொண்டது. வேலை போன பிறகும், ஆலையில் உடன் வேலை பார்த்த இந்த இரண்டு பேரும் ஞாயிறுதோறும் ஆரம்பாக்கத்துக்கு ரயிலேறி வந்து ஆடிக்கொண்டுதான் இருந்தார்கள். இவர் பகடையை உருட்டுவார், விழுந்ததை அவர்கள் சொல்வார்கள், நான் காயை நகர்த்துவேன். வாராவாரம் இவரே ஜெயித்தார். ஒரு நாள் குணாளன் "ஆறு" என்றபோது குரல் குழறியது. பொய் சொல்லத் தெரியாத ஜென்மம் அது. பென்னி பலகையைத் தூக்கி வாசலில் எறிந்தார். "எனக்கு பிச்ச போட்றதுக்கா ரயிலேறி வரீங்க? இனிமே எவனும் வராதீங்க" என்றார்.

அதற்குப் பிறகு வீட்டில் பேச்சே இல்லை. தட்டில் எது விழுந்தாலும் வாயைத் திறக்காமல் தின்றுவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். பார்க்கிறவளுக்கு எரிச்சல் வராதா? எனக்கு வந்தது. அழுகையும் வந்தது. கடைசியில் லோகுவுக்கு போன் போட்டு, இவர் தானே தொட்டுப் பார்த்து ஆடுகிற மாதிரி ஒரு பலகை செய்து தா, யாரும் எதையும் சொல்ல வேண்டியிருக்கக் கூடாது என்றேன்.

லோகு ஆலையில் பிட்டர். உலகத்தில் எதையும் இரும்பில்தான் செய்யத் தெரியும் அவனுக்கு. தகரப் பலகை அடித்து, கட்டத்துக்குக் கட்டம் கம்பி ஒட்டி வரம்பு கட்டினான். ஆளுக்கு ஒரு வகைக் காய்: நட்டு, வாஷர், ஸ்பிரிங், போல்ட். கை பட்டுச் சரியாமலிருக்க அடியில் காந்தம். மரப் பகடையில் புள்ளிக்குப் புள்ளி பேரிங் குண்டு பதித்தான். பென்னி போட்டால் பகடை எங்கேயாவது ஓடிவிடுமே என்று, அவர் பக்கத்தில் ஒரு பெயிண்ட் டப்பா மூடியையும் பொருத்தியிருந்தான். பகடை அதற்குள்ளேயே கிடக்கும்.

இவரை உட்கார வைக்கவே பெரும்பாடாகிவிட்டது. "இதான் கடைசி. விட்டுக்குடுத்தீங்கன்னு தெரிஞ்சுது, என் சாவுக்குக்கூட வராதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

லூடோவாக இருந்தாலும் எங்களுக்குத் தாயக்கட்டச் சட்டம்தான். ஒன்று விழுந்தால்தான் காய் இறங்கும். விழுந்தவருக்கு மறு ஆட்டமும் உண்டு. நாங்கள் மூன்று பேரும் தரையில் உருட்டினோம். ஒருவருக்கும் விழவில்லை. பென்னி மூடிக்குள் போட்டுத் தடவினார். ஒன்று. முகத்தில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. மறுபடி போட்டார். ஒன்று. அடுத்ததும் ஒன்று. குணாளன் என்னைப் பார்த்தான், நான் லோகுவை முறைத்தேன், அவன் பேந்தப் பேந்த விழித்தான். நான்காவதும் ஒன்றே விழுந்தபோது பென்னியின் சிரிப்பு போய்விட்டது.

"இன்னா பண்ணி வச்சிகீறீங்க?" என்று மெதுவாகக் கேட்டார். கத்தியிருந்தால்கூடத் தேவலை.

லோகு தன் அம்மா மேல் சத்தியம் செய்தான். குணாளனும் ஒன்றும் செய்யவில்லை என்றுதான் சொன்னான், ஆனால் குழறினான். உண்மையைச் சொல்லும்போதும் குழறுகிறவனை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? பென்னியின் கைகள் பலகையின் ஓரத்தைப் பிடித்தன. எல்லாம் போச்சு, இனி இந்த மனுஷன் எழுந்திருக்கவே மாட்டார் என்றுதான் நினைத்தேன்.

ஆனால் பலகை பறக்கவில்லை. ஒரு கை மட்டும் மூடிக்குள் போய்ப் பகடையை எடுத்தது. மறுபடி வைத்தது. மறுபடி எடுத்தது.

"லோகு, இந்த மூடிய எத்த வச்சி ஒட்ன?"

"பழைய ஸ்பீக்கர் காந்தம்ணா."

பென்னி பகடையைத் திருப்பி, ஆறு குண்டு இருந்த பக்கத்தை மூடியில் வைத்தார். லபக்கென்று ஒட்டிக்கொண்டது. மேலே இருந்தது ஒன்று. "ஆறு குண்டு கீற பக்கத்த அடியில காந்தம் இஸ்துக்கினா, மேல இன்னாடா நிக்கும்? ஒண்ணுதான் நிக்கும். நீயெல்லாம் ஒரு பிட்டரு" என்று ஆரம்பித்து, அவன் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து செய்த கோளாறு ஒவ்வொன்றையும் இழுத்து வைத்துத் திட்டினார். கிரேனிலிருந்து கீழே இருப்பவர்களை அதட்டின அதே குரல். லோகு திட்டு வாங்கிக்கொண்டே சிரித்தான்.

இறங்கிய நான்கு காய்களும் செல்லாது என்று பென்னியே எடுத்து உள்ளே வைத்தார். மூடியைக் காந்தத்தோடு பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் ஸ்வீட் டப்பா அட்டையை வைத்தேன். ஆட்டம் முதலிலிருந்து தொடங்கியது.

கடைசியில் பென்னிக்கு ஒரே காய்தான் பாக்கி. வீட்டு வழிக்குள் நுழைய இரண்டு கட்டம் இருந்தது. லோகு உருட்டினான். ஐந்து. சரியாக அதை வெட்டுகிற ஐந்து. நகர்த்த அவனுக்கு இன்னொரு காயும் இருந்தது. அவன் என்னைப் பார்த்தான். விட்டுவிடு என்று சொல்லத்தான் வாய் துடித்தது. அதற்குள் பென்னியின் விரல் பகடையைத் தடவி, லோகுவின் காயிலிருந்து கட்டம் கட்டமாக வந்து, தன் ஸ்பிரிங்கின் மேல் நின்றது. எண்ணிவிட்டார். அங்கேயே விரலை வைத்துக் காத்திருந்தார்.

"வெட்டுடா" என்றேன் நான்.

வெட்டினான். பென்னி அவனைத் திட்டி நாறடித்துவிட்டு ஆட்டத்தில் கடைசியாக வந்தார். அடுத்த வாரம் பகடையில் காந்தத்துக்கு ஒட்டாத பித்தளைக் குண்டு பதித்துக் கொண்டு வா, உன்னைக் கவனித்துக்கொள்கிறேன் என்றார்.

சாப்பாடு போட்டேன். குழம்பு எப்படி என்று கேட்டதற்குக் குணாளன், நன்றாக இருக்கிறது என்று குழறினான்.

"பொய் சொல்றான்" என்றார் பென்னி. "உப்பே இல்ல, விக்டோரியா."

உப்பு எடுக்க எழுந்து போனவள், அடுப்படியில் நின்று நன்றாக அழுதுவிட்டுத்தான் திரும்பி வந்தேன்.