மைதானத்துப் பாடு

"நாளைலேருந்து இவ ஆட்டத்துக்குப் போவக் கூடாது" என்று ராஜவேலு மகளின் நீல நிக்கரை அடுப்பில் திணிக்கப் போனான். அவன் பெண்டாட்டி செங்கம்மாள் பாய்ந்து பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

மகள் சம்பூர்ணத்துக்குப் பன்னிரண்டு வயது. கோகோ ஆட்டத்தில் அவளைத் தொட ஆள் கிடையாது. முந்தாநாள் பள்ளிக்கூட டிரில் மாஸ்டர் ரங்கசாமி, சுளுக்கு எடுத்துவிடுகிறேன் என்று சாமான் அறைக்கு அவளை மட்டும் கூப்பிட்டுக் கதவைச் சாத்தியிருக்கிறார். சுளுக்கே இல்லாத காலுக்கு எதற்கய்யா எண்ணெய்? அவர் கை போன போக்கு பிடிக்காமல், கிண்ணத்தை அவர் மூஞ்சியிலேயே கவிழ்த்துவிட்டு ஓடி வந்துவிட்டாள் பெண். கெட்டிக்காரி!

குப்பத்துப் பெரியவர்கள் கூடித் தீர்ப்புச் சொன்னார்கள். மாஸ்டர் படித்தவராம், விஷயம் வெளியே போனால் பெண்ணைக் கட்ட ஆள் வராதாம். அதனால் பெண் பிள்ளைகள் யாருமே ஆடப் போக வேண்டாமாம். செங்கம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"தப்பு பண்ணவன் மைதானத்துல நிப்பான், தப்பிச்சு வந்தவ ஊட்டுல குந்தணுமா? இன்னாய்யா நாயம் இது?"

ராஜவேலு வலையை எடுத்துக்கொண்டு கிளம்பினான். அன்றைக்கு ஏரியில் அவன் பாடு. மீன் விழும் இடத்தில் யார் என்றைக்கு வலை போடுவது என்று சீட்டெடுத்து முறை வைத்துக்கொள்வதற்குப் பெயர்தான் பாடு. அது ஆண்களுக்கு மட்டும். போகிறவன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்த செங்கம்மாளுக்கு என்னவோ தோன்றிச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது.

மீன் பிரிக்கும் இடத்தில் மற்ற தாய்மார்களிடம் எல்லாவற்றையும் சொன்னாள். தன் மகளும் அந்த அறையைச் சொல்லி அழுததாகச் சின்னப்பொண்ணு முணுமுணுத்தாள். அதற்குமேல் யாரும் வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை.

"நம்மளும் பாடு வெப்போம்டி" என்றாள் செங்கம்மாள். "புள்ளைங்க ஆடட்டும், தெனம் ஒருத்தி மைதானத்துல போய் குந்தணும். புள்ளைங்க ஊடு திரும்புற வரைக்கும் அந்தாளு மேல கண்ணு இருக்கணும்."

சீட்டுக்குப் பதிலாகக் கூடைக்குள் கொண்டை ஊசி, சுருக்குப்பை, உடைந்த வளையல் என்று ஆளுக்கொன்று போட்டார்கள். முதலில் வந்தது முத்தம்மாவின் சுருக்குப்பை. அவள் மீன் கூடையோடு போய்ச் சாமான் அறை வாசற்படியிலேயே உட்கார்ந்தாள். வெளியாட்கள் வரக்கூடாது என்று மாஸ்டர் குதித்தார். நீ உன் வேலையைப் பார் சார், நான் என் பிள்ளையைப் பார்க்கிறேன் என்று அவள் வெற்றிலையை மடித்தாள்.

கொஞ்ச நாளில் பாடு இல்லாதவர்களும் வர ஆரம்பித்துவிட்டார்கள். மைதானம் முழுக்கக் கவுச்சி, கூச்சல், கும்மாளம்! சின்னப்பொண்ணு புடவையை வரிந்து கட்டிக்கொண்டு ஓட, பிள்ளைகள் துரத்த, சிரித்துச் சிரித்து எல்லாருக்கும் வயிறு வலித்தது. தாலுகா ஆட்டத்தில் சம்பூர்ணம் கூட்டம் ஜெயித்தே விட்டது.

தாய்மார்கள் எல்லாரும் திரண்டு போய்த் தலைமையாசிரியரிடம் நடந்ததைச் சொன்னார்கள். அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, ஆவன செய்வதாகச் சொன்னார். செய்தார். ரங்கசாமிக்கு ரோஜா மாலை போட்டு, ஒழுக்கத்தின் சிகரம் என்று பேசி, மாற்றல் கொடுத்து அனுப்பினார்கள். எங்கே என்று பியூனைக் கேட்டாள் செங்கம்மாள். திருவாலங்காட்டுப் பக்கம் ஒரு பெண்கள் பள்ளிக்கு என்றான். எல்லாருடைய சிரிப்பும் நின்றுபோனது.

"அங்க ஏரியே இல்லியே, அவங்களுக்குப் பாடுன்னா தெரியாதேடி" என்றாள் முத்தம்மா.

போய்ச் சொன்னால் தெரிந்துகொள்கிறார்கள் என்றாள் செங்கம்மாள். அடக்கிப் பார்த்தும் முடியாமல் முத்தம்மா களுக்கென்று சிரித்தாள். அது எல்லாருக்கும் தொற்றிக்கொண்டது.

மறுநாள் விடிந்ததும் செங்கம்மாள் தலைவாரிப் பூ வைத்துக்கொண்டாள். கவரைப்பேட்டையில் ரயிலேறி, பேசின் பிரிட்ஜில் வண்டி மாற வேண்டும். வாசலில் முத்தம்மா காலிக் கூடையோடு நின்றாள்.

"எங்கம்மே கெளம்பிட்ட?" என்றான் ராஜவேலு.

"இன்னிக்கி எனக்குப் பாடுய்யா. சோறு நீயே பொங்கிக்கோ" என்று சொல்லிவிட்டுச் செங்கம்மாள் படியிறங்கினாள்.