மணி அடிக்காத நடுக்கம்

சிலி நாட்டின் கான்செப்சியோன் நகரில் ஒரு பேக்கரிக்கு மேலே எங்கள் அலுவலகம். ஆள் இரண்டே பேர், நானும் லியோனெலும். நிலம் நடுங்கத் தொடங்கியதுமே பள்ளிக்கூடங்களில் மணி அடிக்க வைக்கும் மென்பொருள்தான் எங்கள் சரக்கு. சிலியில் பெரிய கம்பெனிகளோடு மோதி மூச்சு முட்டியதால் வெளிநாட்டில் கடை விரிக்கப் பார்த்தோம். குவாத்தமாலாவில் மலைப் பள்ளிகளை நடத்தும் ஒரு சங்கம் பேச ஒப்புக்கொண்டது. இதுவும் கைநழுவினால் லியோனெல் திங்கட்கிழமை சுரங்க வேலையில் சேர்ந்துவிடுவான். அப்புறம் நான் அலுவலகத்துக்குப் பூட்டைத் தேட வேண்டியதுதான்.

சங்கத் தலைவி எவெலியா அம்மாள் கணினித் திரையில் வந்தார். எங்கள் சுவரில் மாட்டியிருந்த மணிக் கருவியையே காட்டி விளக்கினேன். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்துத் தரை ஆடியது. ஜன்னல் கடகடத்தது. லியோனெல் தேநீர் சிந்தாமல் கோப்பையைக் கையில் தூக்கிக்கொண்டான். நான் பேச்சை நிறுத்தவில்லை. இதற்கெல்லாம் எங்கள் ஊரில் யாரும் எழுந்திருப்பதில்லை; கீழே ரொட்டிக்கு நிற்கும் வரிசைகூடக் கலைந்திருக்காது.

திரையில், எங்கள் அறை ஆடுவதைப் பார்த்து எவெலியா அம்மாள் நாற்காலியை விட்டு எழுந்து நின்றிருந்தார்.

"மணி ஏன் அடிக்கல?"

"இது சின்ன ஆட்டம்மா. இதுக்கெல்லாம் அடிச்சா ஜனங்க எரிச்சல்ல பிடுங்கிப் போட்டுருவாங்க," என்றேன் பெருமையாக.

"எங்களுது மண் சுவரு தாயி. இந்த ஆட்டத்துக்கே கூரை பிள்ளைங்க தலையில இருக்கும்."

இரும்புக் கம்பி வைத்துக் கட்டிய எங்கள் சுவர்களை மட்டும் நினைத்து எழுதிய மென்பொருளைத் தூக்கிக்கொண்டு உலகத்துக்கு விற்கக் கிளம்பியிருக்கிறோம். வெட்கம் பிடுங்கித் தின்றது. தப்பு எங்கள் மேல்தான் என்று சொல்லிவிட்டேன். எல்லாம் போச்சு என்றே நினைத்தேன்.

லியோனெல் கோப்பையை வைத்துவிட்டுத் திரைக்கு அருகே வந்தான். சுவர் எவ்வளவு கனம், மேலே ஓடா தகரமா, மண்ணில் வைக்கோல் கலந்ததா என்று கேட்டான். அவர் சொல்லச் சொல்ல அவன் குரல் ஏறியது. எவ்வளவு ஆடினால் மணி அடிக்க வேண்டும் என்று ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனி அளவு வைக்கலாம் என்றான். மழையில் ஊறிய சுவருக்கு அளவை இன்னும் குறைக்கலாம் என்று நான் குறுக்கே புகுந்தேன். ஒருவர் வாயிலிருந்து ஒருவர் பேச்சைப் பிடுங்கினோம். எனக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. இந்த வேலையை எவ்வளவு நேசிக்கிறேன் என்பதே மறந்து போயிருந்தது.

எவெலியா அம்மாள் மெல்ல உட்கார்ந்தார்.

"அங்கேயே பேசிட்டிருந்தா ஆச்சா? வந்து சுவத்தைத் தட்டிப் பாருங்க. வழிச்செலவு சங்கத்தோடது. சரியா வந்துச்சுன்னா எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் உங்களுதுதான்."

எப்போது வரலாம் என்று கேட்க நான் வாயெடுப்பதற்குள் லியோனெல் முந்திக்கொண்டான்.

"திங்கட்கிழமை வர்றோம்மா. உங்களுக்குத் தோதுப்படுமா?"