கதவில்லாத அடுப்பு

நான் காருக்குள் நெருப்பு வைக்கிறவன். தொழில் என்ன என்று யாராவது கேட்டால் அப்படித்தான் சொல்வேன். கேட்டவன் விழிப்பதைப் பார்க்க எனக்கு ஆசை. லேனா ஆற்றங்கரையில் எங்கள் ஊரில் குளிர்காலம் வந்துவிட்டால் வண்டியை அணைக்க எவனுக்கும் தைரியம் வராது. அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கடையில் நின்று பேசினால் போதும், எஞ்சின் கல்லாகிவிடும். அதனால் கல்யாணமோ கருமாதியோ, வாசலில் பத்து வண்டிகள் உறுமிக்கொண்டே நிற்கும். பெட்ரோலை இப்படிக் காற்றில் விடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் மாட்டுகிற ஹீட்டர் ஒரு ரொட்டி அளவுதான் இருக்கும். எஞ்சினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, டேங்கிலிருந்து சொட்டுச் சொட்டாகப் பெட்ரோலைக் குடித்து எரியும். எஞ்சினின் தண்ணீரைச் சூடாகவே வைத்திருக்கும். அந்தச் சூட்டை வண்டிக்குள் ஊதவும் செய்யும். எஞ்சினை அணைத்துவிட்டு உள்ளே வெறும் சட்டையோடு உட்கார்ந்திருக்கலாம். இதை ஊர்க்காரர்களுக்குப் புரியவைப்பதற்குள் எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. சொந்தக்காரர்களில் முதலில் சம்மதித்தவன் என் மனைவியின் தம்பி எர்ச்சிம். உறைந்த ஆற்றின் மேல் ஊருக்கும் நகரத்துக்கும் ஆட்களை ஏற்றிப்போவது அவன் பிழைப்பு. வாய் கொஞ்சம் நீளம்.

"மச்சான், இது என் வண்டியைக் கொளுத்திடாதே?" என்று கராஜில் என் தலைக்கு மேலேயே நின்றுகொண்டு கேட்டான்.

"உன் வாயைக் கொளுத்தினா ஊருக்கே புண்ணியம். வெளிச்சத்தை மறைக்காதே, நகரு."

"போன வருஷம் இவர் மாட்டின வண்டி ஒண்ணு இன்னும் புகைஞ்சுக்கிட்டிருக்காம்."

"அது வண்டி இல்லடா, அதை ஓட்டுறவன் குடிக்கிற பீடி."

அவன் பெண்டாட்டி டோல்குனா ஓரத்தில் நின்று சிரித்தாள். சூடான அப்பங்களைச் சால்வையில் சுற்றி எடுத்து வந்திருந்தாள், கூடவே ஒரு கிண்ணத்தில் வெண்ணெய். அந்தப் பெண் அதிகம் பேசமாட்டாள். எர்ச்சிம் ஆற்றில் இறங்கும் ஒவ்வொரு நாளும் அவன் திரும்பி வரும்வரை சன்னலை விட்டு நகரமாட்டாள் என்று என் மனைவி சொல்லியிருக்கிறாள். இரண்டு குளிர்காலங்களுக்கு முன் அவள் அண்ணனின் லாரி பனிக்கட்டி உடைந்து ஆற்றுக்குள் போனது. அதிலிருந்து அப்படி.

ஹீட்டரைப் பொருத்தி முடித்து ஒருமுறை எரியவிட்டுக் காட்டினேன். அதற்குப் பெட்ரோல் ஊட்டும் பம்பு டிக் டிக் என்று பேச ஆரம்பித்தது. வண்டிக்கு அடியில் முன்பக்கம் நீட்டிக்கொண்டிருந்த குழாயிலிருந்து வெள்ளைப் புகை வந்தது. டோல்குனா குனிந்து பார்த்தாள்.

"உள்ளே நிஜ நெருப்பா அண்ணே?"

"நிஜ நெருப்புதான். உன் வீட்டு அடுப்பு மாதிரியேதான்."

"அப்போ கதவு எங்கே?"

"கதவெல்லாம் கிடையாது. மூடின அடுப்பு. வெளியே தெரியறது அந்தக் குழாய் மட்டும்தான்." வாயில் ஒரு திருகாணியைக் கடித்துக்கொண்டு சொன்னேன். அவள் தலையாட்டிக்கொண்டாள்.

ஹீட்டரை அணைத்துவிட்டு, வண்டியை வெளியே தள்ளி நிறுத்திவிட்டுத் தேநீருக்கு உட்கார்ந்தோம். எங்கள் வீடுகளில் முதல் வாய் நெருப்புக்குத்தான். புது வீடோ, புதுப் பயணமோ, நெருப்புக்கு வெண்ணெய் தடவிய அப்பத்தில் ஒரு துண்டு கொடுத்த பிறகுதான் மற்றவர்கள் கை வைக்கலாம். அது பசியோடு இருந்தால் வீட்டைக் காக்காது. நான் கராஜ் அடுப்பின் கதவைத் திறந்து ஒரு துண்டு போட்டேன். அப்பம் பொரிந்து கருகி, வெண்ணெய் வாசனை பரவியது. எர்ச்சிம் அதற்குள் மூன்று அப்பங்களை முடித்துவிட்டான். டோல்குனா எழுந்து வெளியே போனாள். திரும்பி வந்தபோது இரண்டு முழங்கால்களிலும் பனி ஒட்டியிருந்தது.

"என்ன, வண்டிக்கு முன்னாடி மண்டி போட்டுக் கும்பிட்டியா?" என்றான் எர்ச்சிம்.

"ஆமா, அதுக்காவது உன்னைவிடப் புத்தி இருக்கும்" என்றாள். நாங்கள் சிரித்தோம்.

அவள் வீட்டுக்குப் போனாள். அவன் வண்டியைக் கடை வாசலுக்குக் கொண்டுபோனான். பயணிகள் வரும்வரை அங்கேதான் காத்திருப்பான். முன்பக்கத்தைக் கம்பளிப் போர்வையால் மூடி, எஞ்சினை அணைத்து, புது ஹீட்டரை ஓடவிட்டு உள்ளே ஏறிக்கொண்டதைக் கராஜ் வாசலிலிருந்து பார்த்தேன். பெருமையாக இருந்தது, பொய் சொல்வானேன்.

கொஞ்ச நேரத்தில் வேட்டைக்காரர் புரோகோப்பி வந்து, "இந்த மாயமந்திரத்தை நான் நம்பமாட்டேன்" என்று ஆரம்பித்தார். வாயால் சொல்லி மாளாது என்று அவரைக் கையோடு கடைக்கு அழைத்துப் போனேன். மதிய நேரம். சூரியன் மூடுபனிக்குள் மங்கலாக நின்றது. மற்ற வண்டிகளெல்லாம் புகை கக்கிக்கொண்டிருக்க, எர்ச்சிமின் வண்டி மட்டும் சத்தமில்லாமல் நின்றது.

"பார்த்தீங்களா? மாப்பிள்ளை உள்ளே தூங்குறார், மகாராஜா மாதிரி" என்றேன். கண்ணாடியைத் தட்டினேன். "டேய், எழுந்திரு, பெரியவருக்கு உன் அரண்மனையைக் காட்டு."

அவன் அசையவில்லை. பம்பு டிக் டிக் என்று ஓடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் கீழே பார்த்தேன். எங்கள் குளிரில் நாய் மூச்சு விட்டால்கூட வெள்ளையாகத் தெரியும். பம்பு ஓடுகிறது, குழாயிலிருந்து புகை இல்லை. புகை வெளியே வரவில்லை என்றால் அது எங்கே போகிறது?

கதவை எப்படித் திறந்தேன் என்று நினைவில்லை. சூடான காற்று முகத்தில் அடித்தது. அதில் லேசாகக் கருகிய வெண்ணெய் வாசனை இருந்தது. எர்ச்சிம் பக்கவாட்டில் சரிந்து என் மேல் விழுந்தான். அவன் கன்னங்கள் நல்ல சிவப்பாக இருந்தன, இப்போதுதான் பனியில் ஓடிவிட்டு வந்தவனைப் போல. அடுப்புப் புகையில் மூச்சடைத்துச் செத்தவர்களின் கன்னம் இப்படித்தான் சிவந்திருக்கும். நான் அலறினேன் என்று பிறகு புரோகோப்பி சொன்னார். எனக்கு எதுவும் கேட்கவில்லை.

கடைக்குள் இழுத்துப்போய்க் கதவையெல்லாம் திறந்துவிட்டோம். புரோகோப்பி அவனைப் புரட்டிப் போட்டு முதுகில் ஓங்கி ஓங்கி அறைந்தார். நான் ஒரு மூட்டைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தேன். கொன்றுவிட்டேன் என்பது மட்டும்தான் தலைக்குள் ஓடியது. என் கையால் மாட்டிய நெருப்பு. எங்கே தப்பு விட்டேன்? எந்த இணைப்பு?

கடைசியில் அவன் வாந்தி எடுத்தான். அந்த நாற்றம் அவ்வளவு நன்றாக இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. கண் திறக்கவில்லை, ஆனால் மூச்சு இருந்தது. யாரோ சொல்லி டோல்குனா சால்வைகூட இல்லாமல் ஓடி வந்தாள். அழவில்லை. அவன் தலையை மடியில் எடுத்துக்கொண்டு புரோகோப்பியின் வண்டியில் ஏறினாள். வண்டி ஆற்றின் மேல் இறங்கி நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போயிற்று.

அவன் பிழைத்துக்கொள்வான் என்று மறுநாள் காலையில் செய்தி வந்தது. தலைவலி இருக்கும், கொஞ்ச நாளைக்கு ஞாபகம் தடுமாறும், ஆனால் பிழைத்துவிட்டான். அதைக் கேட்ட பிறகுதான் என்னால் வண்டியைத் தொட முடிந்தது. கராஜுக்குள் தள்ளி, கீழே படுத்து, குழாயின் நுனியில் விரலை விட்டேன். அடைத்திருந்தது. கம்பியால் குத்தி இழுத்தேன். கருகி, உறைந்து, கல்போல ஒரு கட்டி கையில் வந்து விழுந்தது. வெளிப்பக்கம் இன்னும் மஞ்சளாக வெண்ணெய் பளபளத்தது. போக வழியில்லாத புகை குழாயின் இணைப்பைப் பிதுக்கிக்கொண்டு வெளியேறி, போர்வைக்குள் தேங்கி, விசிறி வழியாக அவனிடம் போயிருக்கிறது.

முதலில் எனக்கு வந்தது நிம்மதி. என் தப்பு இல்லை! மல்லாந்து படுத்தபடி அந்த நிம்மதியை முழுதாக அனுபவித்தேன், வெட்கமில்லாமல். பிறகு டோல்குனாவின் முழங்கால்களில் ஒட்டியிருந்த பனி நினைவுக்கு வந்தது.

காலடிச் சத்தம் கேட்டது. டோல்குனாதான். ஆஸ்பத்திரியிலிருந்து அவன் துணிகளை எடுத்துப்போக வந்தவள், கராஜில் விளக்கைப் பார்த்து நுழைந்திருக்கிறாள். நான் வண்டிக்கடியிலிருந்து எழுந்து கையைப் பின்னால் மறைத்தேன். மறைக்கத் தெரியாத ஆள் நான்.

"என்ன அண்ணே அது?"

"ஒண்ணுமில்ல. குப்பை."

அவள் சுற்றி வந்து என் உள்ளங்கையைப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்துப்போயிற்று.

"சாப்பிடவே இல்லையா?" என்றாள் மெல்ல. "அப்படியே வச்சிருக்கே. நாங்க என்ன தப்புப் பண்ணினோம்? ஏன் வேண்டாம்னு சொல்லிடுச்சு?"

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. விளங்கியபோது பொய் சொல்லலாமா என்று யோசித்தேன். நெருப்பு கோபித்துக்கொண்டது என்று அவள் ஆயுளுக்கும் நம்பிக்கொண்டிருக்கட்டுமா? அடுத்த வண்டிக்கு இன்னொரு துண்டு எடுத்து வரட்டுமா?

"டோல்குனா, அது அதோட வாய் இல்லம்மா" என்றேன். "மூக்கு. அது வழியாத்தான் அது மூச்சு விடும்."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு குழாயை. பிறகு கட்டியை. என் கையிலிருந்து அதை எடுத்து இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"சின்னத் துண்டு போதும்னு தெரியும்ணே" என்றாள். "தினம் ஆத்து மேல போறாரேன்னு, நான்தான் பெருசா வச்சேன்."